கொடைக்கானல் தைலப் பானையைத் திறந்தவர்

மாரியப்பன் குடித்திருக்கவில்லை. அவர் குடித்திருந்தார் என்று கொடைக்கானல் பஜார் முழுக்கச் சொல்லித் திரியும் தைல முதலாளி பொய் சொல்கிறார். பொய் என்று தெரிந்தே சொல்கிறார்.

அன்றைக்கு மாரியப்பனுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றவன் நான். சிங்கப்பூரில் ஒரு பீர் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். பதினெட்டு வருஷமாக அந்த வாசனைக்குள்தான் எனக்கு வேலை. யார் குடித்திருக்கிறார், யார் குடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு டாக்டர் வேண்டாம். கொடைக்கானலுக்கு நான் சண்டை போடப் போகவில்லை. மலை பார்க்கத்தான் போனேன். போனதையும் பார்த்ததையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் இஸ்மாயில், அண்ணன் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு பட்டுப் புடவையும் கைக்கடிகாரமும் கொடுத்தனுப்பினான். அண்ணன் கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருக்கும் ராவுத்தர். என் அப்பாவின் ஊர் திண்டுக்கல் பக்கம். நான் பிறந்தது சிங்கப்பூரில். இந்தியாவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சொந்த நாட்டுக்குப் போகிறாய் என்று கப்பலில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வெளிநாடாகத்தான் இருந்தது. மொழி மட்டும் புரிந்தது.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன் ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வாங்கினேன். தோல் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. அழுகலைத் தலையில் கட்டுகிறாயா என்று பழக்காரரிடம் கேட்டேன். "உரிச்சுத் தின்னுபுட்டுப் பேசுங்க" என்றார். உரித்துத் தின்றேன். சிங்கப்பூரில் நான் தின்றதெல்லாம் பழமே இல்லை. அதற்குப் பிறகு பேசவில்லை.

பஸ் மலையேறத் தொடங்கியதும் கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி, "வாந்தி வந்தா தலைய வெளிய நீட்டுங்க, பாறைப் பக்கம் நீட்டாதீங்க" என்றார். என் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு எந்தப் பக்கமும் நீட்ட நேரமில்லை. என் புது ஷூ போயிற்று. "கோவிச்சுக்கிறாதீங்க அண்ணே, எலுமிச்சங்காய மோந்துக்கிட்டேதான் வந்தேன்" என்றார். கோபித்துக்கொண்டேன். பிறகு அவர் குடத்துத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டேன்.

ஒரு வளைவில் உருளைக்கிழங்கு லாரி எதிரே இறங்கி வந்தது. எங்கள் பஸ்தான் பின்னால் போக வேண்டியிருந்தது. நரைத்த மீசை வைத்த கிளீனர் ஒருவர் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். பஸ் ஒரு அடி நகர்ந்தால் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுப்பார், எடுப்பார், மறுபடி கொடுப்பார். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே அவர் செருப்பளவு இடம்தான் இருந்தது. உள்ளே யாரும் அவரைப் பார்க்கவில்லை. பூண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருப்பதிலேயே உயரமான குன்று, இந்தச் சாலையின் முதல் நாலு வளைவோடு முடிந்துவிடும். அதற்கே நாங்கள் மலை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ராவுத்தர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, கையில் வைத்திருந்த கம்பளியை என்மேல் போர்த்தினார். ஐம்பது வயதிருக்கும். கடையில் தைலப் புட்டி, மிளகு, காப்பிக்கொட்டை, மப்ளர், வாரப் பத்திரிகை எல்லாம் விற்கிறார். வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் போட்டார்கள். அந்தக் குளிரில் அந்தப் பாயாவுக்கு இணையாக எதையும் நான் தின்றதில்லை. சாப்பிட்டு முடித்ததும் ராவுத்தரின் மைத்துனர் என் காதருகே வந்து, "அண்ணே, பீரு கசக்குமாம்ல?" என்று கேட்டார். இந்த ராஜ்யத்தில் மதுவிலக்கு. நான் என்னவோ கள்ளத் துப்பாக்கி செய்கிறவன் மாதிரி எல்லோரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் விசாரித்தார்கள்.

"கசக்கும்" என்றேன்.

"பெறகு ஏன் குடிக்கிறாங்க?"

"எனக்குத் தெரியாது. நான் நெருப்பு மட்டும்தான் பார்க்கிறேன்."

மறுநாள் வெள்ளனே ஏரியைச் சுற்றி நடந்தேன். ஏரி நன்றாக இருக்கிறது. தண்ணீரில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படகு விட்டார்கள். கரையில் நம் ஆட்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுதந்திரம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதுதான் காட்சி. கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்றார்கள். எனக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பைனாகுலர் வைத்துக்கொண்டிருந்த ஒருவர், "மூட்டம் வெலகுனா வைகை டேம் தெரியும் சார்" என்றார்.

"விலகாவிட்டால்?"

"டேம் அங்கனதான் இருக்கும் சார்."

இந்த ஊரில் நான் கேட்டதிலேயே நேர்மையான பேச்சு அதுதான்.

பத்து மணிக்கு ராவுத்தர் என்னைத் தைலம் காய்ச்சும் இடத்துக்கு அழைத்துப்போனார். தூண் பாறைக்குப் போகும் வழியிலிருந்து இறங்கி, தைல மரக் காட்டுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் இப்போது அதையும் ஒரு காட்சியாகப் பார்க்கிறார்கள். இலை வேகிறது, தைலம் சொட்டுகிறது, சூடாக ஒரு புட்டி வாங்கிப்போகலாம். ராவுத்தர் கடைக்குச் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது.

முதலாளி கோட்டுப் போட்டு, காதை மூடி மப்ளர் சுற்றியிருந்தார். ராவுத்தர் என்னைக் காட்டி, "சிங்கப்பூரு பீர் ஃபாக்டரி இஞ்சினியரு" என்றார்.

"இஞ்சினியர் இல்லை, பாய்லர்மேன்" என்றேன்.

"எதா இருந்தா என்ன சார்! அங்க பீரு, இங்க தைலம். ரெண்டும் வடிக்கிற சோலிதானே!"

"பீரை வடிப்பதில்லை. புளிக்க வைப்பது."

அவர் சிரித்தார். எனக்கு டீ வந்தது. நல்ல டீ.

தகரக் கொட்டகை ஒன்று. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செம்புப் பானை. அடியில் அடுப்பு. பானைக்கு மூடி, மூடியிலிருந்து வளைந்து போகும் குழாய். குழாய் சிமெண்டுத் தொட்டித் தண்ணீருக்குள் சுருண்டு இறங்கி மறுபக்கம் வெளியே வருகிறது. அதன் வாயில் சொட்டும் தைலத்தை ஒரு பாத்திரத்தில் பிடிக்கிறார்கள். அடுப்புக்குப் போன வாரம் வெந்து காய்ந்த இலைதான் விறகு. பானையைப் பார்ப்பவர் மாரியப்பன். நாற்பது வயது. இலை சுமந்து போடுபவர் அவர் மனைவி வீராயி.

முதலாளி டிக்காஷன், டிகிரி என்று ஏதோ சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நான் மூடியைப் பார்த்தேன். மூடியைப் பானை விளிம்போடு மூன்று இரும்புப் பட்டை போட்டுத் திருகி இறுக்கியிருந்தார்கள். ஆவி மிஞ்சினால் தானாகத் திறந்துவிடும் வால்வு எங்கே என்று சுற்றி வந்து பார்த்தேன். இல்லை. அழுத்தம் காட்டும் முள் இல்லை. எதுவும் இல்லை.

"இது எத்தனை நாளா இப்படி?" என்று மாரியப்பனிடம் கேட்டேன்.

"போன சித்திரையிலருந்துங்க. முன்ன களிமண்ணும் கேப்பை மாவும் கொழைச்சு விளிம்பச் சுத்தி அப்பிருவோம். உள்ள ஆவி மிஞ்சுனா மண்ணு கீறிக்கிட்டு உஸ்ஸுனு சத்தம் போடும். வெரசா தீய இழுத்துருவோம். வர்றவங்க சேத்தப் பாத்து மூஞ்சியச் சுளிக்கிறாங்கன்னு மொதலாளி பட்டை போட்டாரு. இப்ப பானை பேசவே பேசாதுங்க. நானாத்தான் பாத்துக்கிறணும்."

"எதைப் பார்ப்பீர்கள்?"

"சொட்டத்தான். சொட்டு நின்னா வழியில அடைப்புனு அர்த்தம்."

எனக்குப் புரிந்தது. களிமண்தான் அங்கே வால்வாக இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அழகுக்காக இரும்பு போட்டிருக்கிறார்கள். இதை நான் அப்போதே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ராவுத்தரின் விருந்தாளி, அந்த ஆளின் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. இதைப் படிப்பவர்கள் அதையும் சேர்த்துப் படியுங்கள்.

பதினொரு மணிக்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இருபத்தைந்து பேருக்குக் குறையாது. எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். எங்கள் ஆலையிலும் பார்வையாளர்கள் வருவார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், தாண்டக் கூடாது. பாய்லர் இருக்கும் இடத்தைக் காட்டவே மாட்டார்கள். கடைசியில் ஒரு கிளாஸ் பீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே ஒரு டீச்சர் பானை வெதுவெதுப்பாக இருக்கிறது என்று முதுகைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

ஒரு பானை வேகப் பாதி நாள் ஆகும். வருகிறவர்கள் அரை மணி நேரம்தான் நிற்பார்கள். அவர்கள் கண் முன்னால் தைலம் தாரையாக வர வேண்டும் என்பதற்காக முதலாளி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். முக்கால் பானை போட வேண்டிய இலையை மூடி முட்டத் திணிப்பது, தீயை இரட்டிப்பாக எரிப்பது. அன்று காலையிலேயே மாரியப்பன் வேண்டாம் என்றிருக்கிறார். "பஸ்காரங்க வர்றாங்க, அமுக்குலே" என்று பதில். இதை வீராயி பிறகு என்னிடம் சொன்னார்.

முதலாளி பேசத் தொடங்கினார். ஜலதோஷம், மூட்டுவலி, தலைவலி, கொசுக்கடி எல்லாம் அந்தத் தைலத்தில் தீரும். ஒரு வாத்தியார், "பரீட்சை பேப்பர் திருத்துத தலைவலியும் தீருமால?" என்று பக்கத்து வாத்தியாரிடம் கேட்டார். "அதுக்கு நீ பாடம் நடத்தணும்லே" என்றார் அவர். சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாரியப்பன் எழுந்தார்.

"மொதலாளி, சொட்டு நின்னுபோச்சு."

"இருலே, பேசிக்கிட்டிருக்கேன்ல."

"நின்னுபோச்சுங்க மொதலாளி."

"ஏலே, உன்னய யாரும் இப்ப கேட்டாங்களா?"

நான் தொட்டிக்குள் கையை விட்டேன். ஆவி இறங்கும் இடத்தில் சுடச்சுட இருக்க வேண்டிய குழாய் குளிர்ந்து கிடந்தது. மூடிக்குப் பக்கத்தில் குழாய் கைவைக்க முடியாத சூடு. திணித்த இலை மேலே எழும்பிக் குழாயின் கழுத்தை அடைத்துவிட்டது. ஆவி போக வழி இல்லை. "தீயை இழுங்கள்" என்று கத்தினேன். நான் கத்துவதற்கு முன்பே வீராயி மண்வெட்டியால் நெருப்பை வெளியே வாரிக்கொண்டிருந்தார். மாரியப்பன் டீச்சர்களை இரண்டு கையாலும் வாசல் பக்கம் தள்ளினார். "எல்லாம் வெளிய போங்க தாயி! போங்கய்யா வெரசா!" முதலாளி குறுக்கே நின்றுகொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்றார். பயப்படத்தான் வேண்டியிருந்தது. தீயை இழுத்தாலும் உள்ளே இருக்கும் கொதி உடனே அடங்காது. அடுப்புக் கல் அப்படிச் சூடேறியிருந்தது. பானையின் செம்புத் தகடுகள் சேரும் தையலில் ஒரு முனகல் கேட்டது. அது வெடிப்பதற்கு முந்தைய சத்தம் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மாரியப்பன் ஒரு சாக்கைத் தொட்டியில் முக்கி மூடிமேல் போட்டார். ஸ்பானரை எடுத்தார். மூன்று பட்டைகளில் இரண்டு ஆட்கள் பக்கம் இருந்தன. ஒன்று சுவர்ப் பக்கம். அவர் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டியது ஆட்கள் பக்கத்துப் பட்டைதான். அதை விட்டுவிட்டுப் பானையைச் சுற்றிப் போய், சுவருக்கும் பானைக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி, அந்தப் பக்கத்துத் திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். ஆவியும் இலைச்சாறும் சுவரில் போய் அடித்தன. கொட்டகை முழுக்கப் புகை மாதிரி மூடியது. கண் எரிந்தது. பெண்கள் அலறினார்கள். ஒரு நிமிஷம் அப்படியே ஊளையிட்டு, பிறகு பானை அடங்கியது.

மாரியப்பனின் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு வாத்தியாரின் வேட்டியில் பச்சைக் கறை. அவ்வளவுதான்.

குடித்தவன் திருகைத் திருப்புவான். எந்தத் திருகு என்று பார்த்துத் திருப்ப மாட்டான். ஆவி தன் கைமேல்தான் வரும் என்று தெரிந்தே, ஆள் இல்லாத பக்கம் சுற்றிப் போய் நிற்க மாட்டான்.

நான் அந்தக் கையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தேன். என் மூக்கும் அவர் வாயும் இத்தனை பக்கம். தைல வாசனை, பீடி வாசனை, காலையில் தின்ற பூண்டு. வேறு எதுவும் இல்லை. "எரியுதா?" என்றேன். "இப்பத் தெரியலைங்க, சாயங்காலம் தெரியும்" என்றார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து முதலில் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே ஓடும் டீச்சர்களைப் பார்த்தார். ஒருவர் கையிலும் புட்டி இல்லை.

"பஸ்காரன் இனி இங்க நிப்பாட்டுவானாலே? என் மானத்தையே வாங்கிட்டியே! நாளைக்கு இந்தப் பக்கம் வந்தே, பாத்துக்க."

நான் சொன்னேன்: "வெடித்திருந்தால் உங்கள் மானம் அந்த மரத்துமேல் தொங்கியிருக்கும். வால்வு எங்கே ஐயா?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நானும் ராவுத்தரும் மாரியப்பனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட வைத்தோம். தூண் பாறையை நான் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறதாம்.

மூன்றாம் நாள் காலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். ராவுத்தர் கடையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். முதலாளி வந்தார். நான் உள்ளே இருப்பது தெரியாமல், "கேட்டீகளா பாய், மாரிப்பய தண்ணியப் போட்டுட்டு வந்து பானையத் தொறந்து விட்டுட்டான்" என்றார். அடுத்த கடைக்கும் அதற்கடுத்த கடைக்கும் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

நான் வெளியே வந்தேன். "அவர் குடித்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பீர் ஃபாக்டரி ஆளு சார். குடிகாரனுக்கு நீங்க சாட்சியாக்கும்? சொல்லிப் பாருங்க, ஊரு சிரிக்கும்."

மதுவிலக்கு ஊரில் குடிகாரன் என்றால் சும்மா ஏச்சு இல்லை. அது போலீஸ் விஷயம். அந்தப் பேச்சு விழுந்த ஆளை எந்தத் தைலக்காரரும் எந்த எஸ்டேட்டும் சேர்க்காது. கூடவே போலீஸும் வரும் என்று பயம். மாரியப்பன் குடியிருக்கும் குடிசையும் முதலாளியின் இடத்தில்தான். காலி செய்யச் சொல்லியாயிற்று. குடிசை வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வீராயி என்னிடம், "கை ஆறிப்போகும்ங்க. இந்தப் பேர எந்தத் தண்ணியில கழுவுறது?" என்று கேட்டார்.

அன்று பஸ்ஸை விட்டுவிட்டு, ராவுத்தரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக்கொள்கிறவர் பேனாவை எடுத்தார். பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன். தொழில் கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். உள்ளே இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்த பிறகு, "அந்தாளு மேல கம்ப்ளெயிண்டே வரலையே சார். கம்ப்ளெயிண்டு வந்தாத்தான நீங்க மறுக்க முடியும்? வராத கேசுக்கு எங்கன போயி சாட்சி எழுதுறது?" என்றார்.

அதுதான் முதலாளியின் கெட்டிக்காரத்தனம். புகார் எழுதிக் கொடுத்தால் டாக்டர் பார்ப்பார், என்னை விசாரிப்பார்கள், திருநெல்வேலி வாத்தியார்களை விசாரிப்பார்கள், வால்வு இல்லாத மூடியையும் பார்ப்பார்கள். அதனால் எழுதவில்லை. கடை கடையாக வாயால் சொல்கிறார். வாயால் சொன்னதை எங்கே போய் மறுப்பது?

வழியில் ராவுத்தர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். பிறகு, "தம்பி, பத்திரிகைக்கு எழுதுங்க. அவரு பேர மட்டும் போடாதீங்க. எனக்கு வர்ற சரக்கு நின்னுபோகும்" என்றார். பத்தடி நடந்து, "என் கடைய வேணும்னா போட்டுக்கங்க. நானும் அங்கனதான நின்னேன்" என்றார். பெயர் போடாததற்குக் காரணம் அதுதான். முதலாளிக்குத் தான் யாரென்று தெரியும்.

நான் சிங்கப்பூர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. ராவுத்தர் கடிதம் எழுதியிருக்கிறார். மாரியப்பன் பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை கேட்டுப் போனாராம். அவர் போய்ச் சேருவதற்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டதாம். வீராயி மட்டும் கூலிக்குப் போகிறார். பானையில் இன்னமும் அதே மூன்று பட்டை, அதே மூடி. பஸ்கள் மறுபடி நிற்கத் தொடங்கிவிட்டன.

முதலாளி அவர்களே, இந்தப் பத்திரிகை ராவுத்தர் கடையில் தொங்குகிறது. நீங்கள் வாங்கிப் படிப்பவர் என்றும் கேள்விப்பட்டேன். பஜாரில் வாயால் சொன்னதை இதே பத்திரிகையில் எழுத்தில் சொல்லுங்கள். "மாரியப்பன் அன்று குடித்திருந்தார்" என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். போட்டால் நான் மறு கப்பல் ஏறி வந்து எந்தக் கோர்ட்டிலும் நிற்கிறேன். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். அப்படி எழுத உங்களுக்குத் தைரியம் இல்லையென்றால், "மாரியப்பன் குடித்திருக்கவில்லை" என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். இரண்டில் எது? அடுத்த இதழில் பதில் வேண்டும்.